மாணிக்கவேலின் ஒற்றைக்குழல்

"குடிமகன் கையில் இருக்கும் ஒவ்வொரு துப்பாக்கியும், அரசு அவன் மீது வைத்திருக்கும் நம்பிக்கையின் எடை!" என்று டி.எஸ்.பி. குமரகுரு முழங்கியபோது மைக் செத்துப்போனது. ஓர் ஆள் வந்து ஒயரை ஆட்டினார். நம்பிக்கையின் எடையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டாம் தடவை அதில் அவ்வளவு எடை இல்லை.

காஞ்சிபுரம் பட்டுக்கடைகளுக்கு நடுவில் இருந்த கல்யாண மண்டபம் அது. முந்தைய நாள் வரவேற்பில் மிஞ்சிய 'சங்கீதா' என்ற தெர்மாகோல் எழுத்துகளுக்குக் கீழே, 'துப்பாக்கி உரிமச் சட்ட மறுஆய்வு: கருத்துக்கேட்பு' என்று பேனர் தொங்கியது. உரிமம் வாங்கி துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இருபத்திரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். பொது அமைதி கருதி எந்தத் துப்பாக்கியையும் எப்போது வேண்டுமானாலும் போலீஸ் வாங்கி வைத்துக்கொள்ளலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பது வரைவு விதி. கருத்துக் கேட்பதற்கு முன்பே அதை அச்சடித்து பைண்டிங்கும் போட்டிருந்தார்கள்.

முதல் கருத்தை பட்டு ஜவுளி அதிபரும் கட்சிப் பொறுப்பாளருமான ஆதிகேசவன் சொன்னார். "முழுமனதோடு வரவேற்கிறேன்." அவர் வரவேற்காமல் என்ன? உரிமத் துப்பாக்கிகளை எல்லோரும் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டிய தேர்தல் சமயத்தில்கூட, இடுப்பில் இருக்கும் பிஸ்டலை அவர் ஒப்படைத்ததில்லை. அடையாளம் தெரியாத நபர்களால் அவர் உயிருக்கு ஆபத்து என்று விலக்கு கொடுத்திருந்தார்கள். அந்த நபர்களை அவருக்கும் அடையாளம் தெரியாது. பிஸ்டல் இதுவரை தோட்டாவைக் கண்டதில்லை, அறுபதாம் கல்யாண பேனரில் மட்டும் தோன்றியிருந்தது.

"வேற யாராவது?" என்று கேட்டுக்கொண்டே டி.எஸ்.பி. கடிகாரத்தைப் பார்த்தார்.

கடைசி வரிசையில் தாமல் கிராமத்து மாணிக்கவேல் எழுந்தார். ஏரிக்கரையில் இரண்டு ஏக்கர் வேர்க்கடலை போட்டிருப்பவர். பயிர்க் காவலுக்கென்று உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் துப்பாக்கி அவருடையது.

"ஐயா, பாராளுமன்ற எலெக்சன் அப்போ துப்பாக்கிய ஸ்டேஷன்ல குடுத்தேன். எலெக்சன் முடிஞ்சு ரெண்டு வருசம் ஆவப்போவுது. இன்னும் வரல."

"கேட்டியா?"

"கேட்டுக்கினேதான் இருக்கறேன். மொதல்ல ரிசல்ட் வரட்டும்னாங்க. அப்புறம் ஆர்டர் வரட்டும்னாங்க. போன வாரம் ஏட்டய்யா சொல்றாரு, 'அசெம்பிளி எலெக்சன் வருது, எப்படியும் திரும்பக் கொண்ணாந்து குடுக்கத்தானே போற, உனக்கு எதுக்குப்பா பஸ் செலவு'ன்னு."

மண்டபம் சிரித்தது. மாணிக்கவேல் சிரிக்கவில்லை.

"போன வருசம் பாதிக் கடலைய பன்னி தோண்டிட்டுது. இப்ப காய் புடிக்கிற நேரம். நான் பன்னிய சுட வேணாங்கய்யா, மேலப் பாத்து ஒண்ணு விட்டா போதும், ஓடிடும். பட்டாசு வெச்சுப் பாத்தேன். மூணாம் நாளே அதுங்க பழகிடுச்சு. இந்தக் கடலையும் போனா நெலத்த வித்துட வேண்டியதுதான்."

முன்வரிசையில் இரண்டு நிருபர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். டி.எஸ்.பி. அதைக் கவனித்தார்.

"நாளைக்குக் காலைல பதினோரு மணி. ஸ்டேஷனுக்கு வா. நானே என் கையால தரேன்."

கைதட்டல் எழுந்தது. மைக் அப்போது மட்டும் நன்றாக வேலை செய்தது.

மறுநாள் மாணிக்கவேல் பத்து மணிக்கே வந்துவிட்டார், தோய்த்த சட்டையோடு. ஸ்டேஷனின் பின்பக்கம், ஒப்படைத்த துப்பாக்கிகளை வைக்கும் அறைக்கு முன்னால் ஏட்டு வீராசாமி வியர்த்து நின்றார். அந்த அறைக் கதவின் இரண்டு இரும்பு வளையங்களுக்குள் ஒரு துடைப்பக் கட்டை செருகியிருந்தது.

"நேத்து போன்ல கேட்டிருந்தா நானே ஏதாச்சும் சொல்லியிருப்பேன். கூட்டத்துல போய்க் கேப்பியா?" என்றார் வீராசாமி. "எங்க கஷ்டம் உனக்கு இன்னா தெரியும்?"

"என் துப்பாக்கிய குடுக்கறதுல உங்களுக்கு இன்னா கஷ்டம் ஏட்டய்யா?"

வீராசாமி துடைப்பக் கட்டையைப் பார்த்தார்.

டி.எஸ்.பி. வந்தார், நிருபர்கள் வந்தார்கள். படத்தில் இருப்பதற்காக ஆதிகேசவனும் வந்தார். மாணிக்கவேல் இரண்டு கைகளாலும் துப்பாக்கியை வாங்கிக்கொண்டார். கேமரா நாலு தடவை மின்னியது. அவ்வளவில் முடிந்திருக்கும். ஆனால் அவர் விவசாயி. கைக்கு வந்த கருவியைத் திருப்பிப் பார்க்காமல் இருக்க அவரால் முடியாது.

குழலின் மேல் இரண்டு இடங்களில், ஒரு சாண் இடைவெளியில், மெருகு போகத் தேய்ந்திருந்தது. துப்பாக்கியை மடக்கித் திறந்து, குழல் வாயில் கண் வைத்துப் பார்த்தார். வெளிச்சம் தெரியவில்லை.

"அடைச்சிருக்குதே!"

சுண்டு விரலை விட்டுச் சுரண்டினார். மஞ்சளும் சிவப்புமாகக் கட்டி உதிர்ந்தது. சந்தனம், குங்குமம். அடியில் துரு.

"ரெண்டு ஆயுத பூஜையிலயும் நல்லா குழைச்சு வெச்சது" என்றார் வீராசாமி மெதுவாக.

"நெத்தியில வெக்கிற மாதிரி மேல வெக்க வேண்டியதுதானே? வாய்க்குள்ள யாரு ஏட்டய்யா வெப்பாங்க?"

வீராசாமி சுவரைப் பார்த்தார். சுவரில் ஸ்டேஷன் ஆயுத பூஜை பற்றிய பத்திரிகைச் செய்தி கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. வாழைக் கன்றுகளுக்கு நடுவில் டி.எஸ்.பி. குமரகுரு புன்னகையோடு நிற்கிறார், அவருடைய மோதிர விரல் முதல் கணு வரை ஒரு துப்பாக்கிக் குழலுக்குள் இருக்கிறது.

நிருபர்களும் சுவரைப் பார்த்தார்கள். ஆதிகேசவன் அவர்களை டீ சாப்பிட வெளியே அழைத்துப் போனார்.

"தண்ணி ஊத்தி கம்பி வுட்டா வந்துடும்யா" என்றார் மாணிக்கவேல். இப்போது அவர் குரலில் கெஞ்சல் இருந்தது. "நானே பாத்துக்கறேன்."

"நீ பாத்துக்கறியா?" டி.எஸ்.பி.க்குச் சட்டம் ஞாபகம் வந்துவிட்டது. "ஆயுதத்தை நல்ல நிலையில வெச்சிருக்க வேண்டியது உரிமம் வாங்கினவன் பொறுப்பு. துருப்பிடிச்ச துப்பாக்கி வெடிச்சா யார் பதில் சொல்றது? பொது அமைதி இருக்குது இல்ல? ஏட்டு, எழுதுங்க. பராமரிப்புக் குறைபாடு. உரிமம் நிறுத்திவைப்பு."

"துப்பாக்கி உங்ககிட்டதானேய்யா இருந்துது?"

"காரணம் சொல்ல வேண்டியதில்லைன்னு நேத்து மண்டபத்துல படிச்சோமே, நீ கவனிக்கல?"

"அது இன்னும் சட்டமாவலைன்னு சொன்னீங்களேய்யா. கருத்துதானே கேட்டீங்க?"

"நீதான் கருத்து சொன்னியே" என்றார் டி.எஸ்.பி.

துப்பாக்கியை மாணிக்கவேல் கையிலிருந்து வாங்கினார்கள். அதைப் படம் பிடிக்க யாரும் இல்லை. தாமல் போக இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினார் மாணிக்கவேல். வழியிலேயே தன் நிலத்தை முன்பொரு தடவை விலைக்குக் கேட்டவருக்குப் போன் செய்தார்.

வீராசாமி ஒற்றைக்குழலோடு பின்பக்கம் போனார். கதவு வளையங்களிலிருந்து துடைப்பக் கட்டையை உருவி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் துப்பாக்கியைச் செருகினார். தேய்ந்திருந்த இரண்டு இடங்களும் வளையங்களில் சரியாகப் பொருந்தின. அந்த அறையின் பூட்டு உடைந்து இரண்டு வருடம் ஆகிறது.