சாம்பவியின் கையில் மூன்று நூல்கள்

1

இந்தக் கதையை நான் விரும்பி எழுதவில்லை. எழுதச் சொன்னது லக்சிகா என்கிற பெண். என் மகன் டெனிஸ்டனும் மருமகள் நிரூபாவும் இலங்கையில் இருந்து ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றைத் தத்தெடுக்கப் போகிறார்கள். அதற்கு இந்த வீடு ஏற்றதா என்று பார்த்து அறிக்கை எழுதுவது லக்சிகாவின் வேலை. வீட்டில் இருக்கும் பெரியவர்கள் எல்லோரும் வரப்போகிற பிள்ளைக்குக் கடிதம் எழுத வேண்டுமாம். பேஸ்மென்டில் கிடக்கிற கிழவனுக்கும் விலக்கு இல்லையாம்.

"அங்கிள், உங்கட ஸ்டோரியைத் தமிழிலயே எழுதுங்கோ. எனக்குக் கதைக்கத்தான் வரும், வாசிக்க வராது. எங்களிட்ட ட்ரான்ஸ்லேட்டர் ஒராள் இருக்கிறா. அவ இங்கிலீஷில மாத்தித் தருவா."

தமிழ் வாசிக்கத் தெரியாத ஒருத்தி, ஒரு தமிழ்ப் பிள்ளை ஒரு தமிழ் வீட்டுக்கு வரலாமா என்று தீர்மானிக்கப் போகிறாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இதைப் பார்த்துச் சிரிக்க அந்தப் படிப்பே போதும் போலிருக்கிறது.

ஸ்டோரி என்றாள். ஆகவே கதை.

2

முதல் தொடக்கம்:

"அன்புள்ள பிள்ளைக்கு, ஆண்டவர் உன்னை எங்களுக்காகவே"

இது நிரூபா சொல்லித் தந்தது. பாதியில் பேனையை வைத்துவிட்டேன். ஆண்டவர் எங்களுக்காகச் செய்தார் என்றால், முதலில் அந்தப் பிள்ளையின் தாயையும் தகப்பனையும் அல்லவா எடுத்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஆண்டவர் அவ்வளவு சுற்றி வளைத்து வேலை பார்க்கிறவர் இல்லை.

இரண்டாவது:

"நான் யாழ்ப்பாணம் குருநகரில் கடற்தொழில் செய்தவன். இங்கே கனடாவுக்கு வந்து மிசிசாகாவில் ஒரு ஃபக்டரியில் இருபது வருடம் பெட்டி மடித்தேன். என்னைப் பற்றிச் சொல்வதென்றால்"

சொல்ல ஒன்றும் இல்லை.

மூன்றாவது:

"எங்கள் வெக்ஸ்போர்ட் வீட்டில் உனக்காக ஒரு அறைக்கு மஞ்சள் பூசி"

இது உண்மை. அறைக்கு மஞ்சள் பூசியாயிற்று. மின்துளைகளுக்கு மூடி போட்டாயிற்று. மருந்து அலுமாரிக்குப் பூட்டுப் போட்டாயிற்று, இப்போது என் பிரஷர் குளிசைக்கு நான் திறப்புக் கேட்டு நிற்கிறேன். தீப்பிடித்தால் யார் எந்த வழியால் ஓடுவது என்று படம் கீறி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறார்கள். பிள்ளைக்குச் சிவப்பு அம்புக்குறி. டெனிஸ்டனுக்கும் நிரூபாவுக்கும் நீலம். எனக்கு அம்புக்குறி இல்லை.

3

கதை என்றால் அதில் ஒரு கெட்டவர் வேண்டும். நிரூபாவைப் போடலாம் என்று நினைத்தேன். வசதியான ஆள். அவளுடைய சபை டயர் கடைக்குப் பக்கத்தில், பழைய களஞ்சியக் கட்டடம் ஒன்றில் நடக்கிறது. என் மகனையும் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் இருந்து அங்கே இழுத்துக்கொண்டு போனவள் அவள்தான். அங்கே பாஸ்டர் மைக்கைப் பிடித்து, "அநாதை ஒன்றை ஆண்டவர் இந்தக் குடும்பத்துக்குக் காட்டினார்" என்று சொல்ல, சனம் கை தட்டியது. அநாதை என்ற சொல்லுக்குக் கை தட்டுகிற சனத்தை நான் அன்றுதான் பார்த்தேன். பிள்ளையின் பெயர் சாம்பவி. அதையும் கிரேஸ் என்று மாற்ற முடிவாகிவிட்டது.

இவ்வளவும் எழுதிய பிறகு பேனை நின்றுவிட்டது. மூன்று தரம் அவள் வயிற்றில் தரித்துக் கலைந்தது. மூன்றாவது, ஐந்து மாதம். அன்றைக்கு ஆஸ்பத்திரியால் வந்து, வாங்கி வைத்திருந்த சின்ன உடுப்புகளை ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டியில் போட்டாள். அழவில்லை. பிறகு வந்து எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தாள்.

[அவளைக் கெட்டவள் ஆக்க முடியவில்லை. எனக்கு இதில் எரிச்சல்தான்.]

4

அந்தப் பிள்ளை மட்டக்களப்புப் பக்கம் ஒரு சபை நடத்துகிற இல்லத்தில் இருக்கிறது. ஃபைலில் தாய் தகப்பன் இரண்டு பேரும் இல்லை, உறவினர் ஒருவரும் இல்லை என்று இருக்கிறதாம். எட்டு மாதத்தில் மூன்று படம் அனுப்பினார்கள். நிரூபா அவற்றைப் பெரிதாக்கி, வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தில் ரீவியில் போட்டாள். எல்லோரும் கண்ணை மூடி ஜெபித்தார்கள். நான் மட்டும் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று படத்திலும் பிள்ளைக்கு இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை.

பயந்துவிட்டேன். கூட்டம் முடிந்து கேட்டேன்.

"உந்தப் பிள்ளைக்குக் கையில ஏதும் குறையோ?"

"சீ, இல்லை மாமா. கையில ஒரு சைவக் கோயில் நூல் கட்டியிருக்கு. சபைச் சனம் ஒரு மாதிரிப் பாக்கும் எண்டு படத்தைக் கொஞ்சம் கத்தரிச்சனான்."

"நூலுக்காகக் கையையே கழட்டிப் போட்டியோ."

"பகிடி விடாதேங்கோ மாமா. பிள்ளை வந்தவுடன அதைக் கழட்டிடுவம். சின்னப் பிள்ளைதானே, அதுக்கு என்ன தெரியும்."

அவள் வேலைக்குப் போன பிறகு, மேசையில் இருந்த ஃபைலில் கத்தரிக்காத படங்களை எடுத்து, ஜன்னலடியில் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். முதல் படத்தில் கறுப்பு நூல். இரண்டாவதில் சிவப்பு. மூன்றாவதில் சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தது, புத்தம் புதிது. மூன்றிலும் முடிச்சுக்கு மேல் இரண்டு வால் நீளமாக விட்டிருந்தது.

(வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் வலை கட்டியவன். முடிச்சில் வால் விடுவது கட்டுகிறவனின் குணம். ஒருவன் ஒட்ட வெட்டுவான், ஒருவன் நீட்டி விடுவான், ஆயுசுக்கும் மாற்ற மாட்டான். இந்த மூன்றும் ஒரே கை. ஆனால் என் கண்ணுக்கு எழுபத்துநாலு வயது. அதையும் கணக்கில் எடுங்கள்.)

இந்த நூல் குளிக்கக் குளிக்க இரண்டு மாதத்தில் அறுந்துவிடும். அறுந்தால் யாரோ கோயிலுக்குப் போய் வாங்கி வந்து புதிதாகக் கட்டுகிறார்கள். பைபிள் வசனம் எழுதிய சுவருக்கு முன்னால் பிள்ளையை நிறுத்திப் படம் எடுக்கிற இல்லத்தில், இதைச் செய்கிறவர் உள்ளே இருக்கிற ஆள் இல்லை. வெளியே இருந்து வருகிற ஆள்.

உறவினர் ஒருவரும் இல்லை என்று எழுதிய ஃபைல், அந்த மூன்று படங்களோடு ஒரே கிளிப்பில் இருந்தது. வீடு முழுக்க மூடி போட்டவர்கள் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. நூலைப் பார்த்தார்கள், அழுக்கு என்று நினைத்தார்கள்.

5

இந்தப் பகுதியை எழுத எனக்கு விருப்பமில்லை. ஆகவே சுருக்கமாக.

பொலிஸ் சான்றிதழுக்கு என் விரல் அடையாளம் வேண்டும் என்று டெனிஸ்டன் என்னைக் கூட்டிக்கொண்டு போனான். பிறம்ரனில் களஞ்சியம் ஒன்றில் சுப்பர்வைசராக இருக்கிறான், அன்றைக்கு லீவு. கயிறு இழுத்துப் பெட்டி மடித்துத் தேய்ந்த விரல் மெஷினுக்குப் பிடிபடவில்லை. நாலு தரம் துடைத்துத் துடைத்து வைத்தார்கள். திரும்பி வந்து காரில் ஏறியதும் கேட்டேன்.

"உந்தப் பிள்ளைக்கு நூல் கட்டினது ஆர் எண்டு கேட்டனியோ?"

"ஆராவது ஆயா கட்டியிருப்பா."

"சபை இல்லத்தில ஆயா கோயில் நூல் கட்ட, சபை பாத்துக்கொண்டிருக்குமோ?"

அவன் காரை எடுக்கவில்லை. திறப்பைக் கையில் வைத்திருந்தான்.

"சின்னனில உன்ர கழுத்தில மாதா உத்தரியம் கட்டினது ஆரடா?"

"நீங்கள்."

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். தொண்ணூறாம் ஆண்டு, யுத்தத்தால் கடலுக்குப் போகத் தடை. மனைவி செத்து ஒரு வருடம். வீட்டில் அரிசி இல்லை. பாதர்மார் நடத்திய இல்லத்தில் தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளைகளைத்தான் எடுப்போம் என்றார்கள். நான் ஆறு வயது டெனிஸ்டனைக் கொண்டுபோய், தகப்பனும் செத்துவிட்டான் என்று சொல்லி, தாய்மாமன் என்று கையெழுத்துப் போட்டேன். இரண்டு வருடம், மாதத்தில் முதல் ஞாயிறு போவேன். பாதருக்கு முன்னால் அவன் என்னை மாமா என்று கூப்பிடுவான். கழுத்தில் கிடக்கிற உத்தரியத்தின், மாதா படம் தைத்த துணித்துண்டின், கயிறு நைந்திருந்தால் புதிது கட்டிவிட்டு வருவேன்.

"உன்னைத் தகப்பன் இல்லாத பிள்ளை எண்டு எழுதினது நான்தான். உனக்கு ஞாபகம் இருக்காது" என்றேன்.

"தெரியும் அப்பா. எனக்குச் செலவுக்கு அனுப்பின ஒல்லாந்து நாட்டு அன்ரி ஒராள் இருந்தா. அவவுக்கு ஒவ்வொரு நத்தார் பெருநாளுக்கும் நன்றிக் கடிதம் எழுத வேணும். நான் தமிழில, அப்பா மாதம் மாதம் வாறவர் எண்டு எழுதினனான். பாதர் அதை இங்கிலீசில எழுதி அனுப்பினவர். அவ திருப்பி என்ன எழுதினா தெரியுமோ? உனக்கு அப்பா இல்லாட்டிலும் கடவுள் இருக்கிறார் எண்டு."

அவன் திறப்பை மற்றக் கைக்கு மாற்றினான்.

"அந்த அன்ரி வா எண்டு கூப்பிட்டிருந்தா நான் போயிருப்பன் அப்பா."

"என்னை விட்டிட்டோ?"

"எனக்குப் பசி."

காரை எடுத்தான். லோரன்ஸ் வீதிக்கு வந்து சிவப்பு விளக்கில் நின்றபோது சொன்னான்: "சொல்லுறதெண்டா நீங்கள் லக்சிகாட்டச் சொல்லுங்கோ. என்னைக் கேக்காதேங்கோ. நிரூபாட முகத்தைப் பாத்துச் சொல்ல என்னால ஏலாது."

தகப்பனைப் போலவே பிள்ளை. எங்கேயாவது ஒருவன் கையெழுத்துப் போட வேண்டும், அந்த ஒருவன் தானாக மட்டும் இருக்கக் கூடாது.

6

முடிவுகள்.

அ) நான் வாயை மூடிக்கொள்கிறேன். பிள்ளை வருகிறது. முதல் குளியலில் நிரூபா நூலைக் கத்தரிக்கிறாள். பிள்ளை அழுகிறது, குளிருக்கு அழுகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். கிரேஸ் மூன்று நேரமும் சாப்பிடுகிறாள். மட்டக்களப்பில் யாரோ ஒருத்தி புது நூலோடு இல்லத்து வாசலுக்கு வருகிறாள், அவளிடம் காவலாளி

(இதை முடிக்கவில்லை. முடிக்கிற சக்தி இல்லை.)

ஆ) நான் சொல்கிறேன். அவர்கள் விசாரிக்கிறார்கள், ஃபைலை மூடுகிறார்கள். நிரூபா மறுபடி உடுப்பு மடிக்கிறாள். எனக்குத் தேத்தண்ணி வரும், அவள் அப்படிப்பட்டவள், கோப்பையை வைத்துவிட்டுப் போவாள். சாம்பவி இல்லத்திலேயே கிடப்பாள். நூல் கட்டுகிறவர்களால் சோறு போட முடிவதில்லை. எனக்குத் தெரியும், நானே அந்த ஆள்.

இ) நூலைக் கட்டியது ஆயாதான். கிழவனுக்கு வீண் சந்தேகம். எல்லோரும் சிரிக்கிறார்கள், விமான நிலையத்தில் பலூன்.

உங்களுக்கு இ பிடிக்கும். எழுத மூன்று நிமிடம் போதும். அதனால்தான் எழுதவில்லை.

7

செவ்வாய்க்கிழமை காலை. பத்து மணிக்கு லக்சிகா வருவாள். நிரூபா நல்ல எழுத்தில் எழுதித் தந்த கடிதம் நான் கையெழுத்துப் போட்டபடி உறையில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு இதை வைக்கப் போகிறேன். லக்சிகா உறையைத் தடவிப் பார்த்து, "வாவ், சோ மச் எழுதியிருக்கிறியள் அங்கிள்" என்று ஃபைலில் போடுவாள்.

ஆகவே இது மொழிபெயர்க்கிற உங்களுக்கு. நீங்கள் யாரோ எனக்குத் தெரியாது. உங்களை நான் நம்பவும் இல்லை. அந்தப் பாதர் செய்ததும் உங்கள் வேலைதான். நல்ல மனுசன். பிள்ளைக்குச் சோறு கிடைக்க வேண்டும் என்றுதான் மாற்றி எழுதினார், கிடைத்தது. முப்பத்தைந்து வருடம் கழித்து என் மகன் அதைக் காருக்குள் என் முன்னால் எடுத்து வைக்கிறான்.

நீங்களும், "உன்னை அன்போடு எதிர்பார்க்கிறோம், இப்படிக்கு அப்பப்பா" என்று ஒரு வரியில் முடிக்கலாம். லக்சிகாவுக்குப் பிடிபடாது. டெனிஸ்டன் கேட்க மாட்டான். எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. உங்களைப் பிடிக்க இந்த ரொறன்ரோவில் ஒருவரும் இல்லை.

அல்லது நூலைக் கட்டியது யார் என்று ஒரு கேள்வியை மட்டும் இங்கிலீசில் எழுதலாம். எழுதினால், என் மகன் பசி என்று சொன்னதையும் பக்கத்தில் எழுதுங்கள். ஒன்றை விட்டு ஒன்றை எழுதினால் அதுவும் பொய்தான்.

வாயால் சொல்ல எனக்குத் துணிவு இல்லை. அதற்காகத்தான் இவ்வளவு கதை. மேலே மணி அடிக்கிறது, நிரூபா கூப்பிடுகிறாள். "மாமா, லக்சிகா வந்திட்டா. கடிதத்தைக் கொண்டு வாங்கோ."

படம் மூன்றையும் இதோடு வைக்கிறேன். கத்தரிக்காதவை. முதலில் இடது கையைப் பாருங்கள். பிறகு எழுதுங்கள்.