பந்தலுக்கு அடியில் ஒரு குழாய்

திருவொற்றியூரில் ஒரு தெருவில் வெட்டிய குழிக்குள் மெர்லின் குந்தியிருந்தாள். எண்ணூரிலிருந்து தொழிற்சாலைகளுக்கு எரிவாயு கொண்டுபோகும் குழாய் அங்கே வெளியே தெரிந்தது. அதன் பாதுகாப்பைப் பார்க்கும் பொறியாளர் அவள், ராயபுரத்துப் பெண்.

குழாய்க்குள் ஓடவிட்ட காந்தக் கருவி, இங்கே இரும்பு ஓரிடத்தில் அளவுக்கு மீறி இறுகியிருப்பதாகக் காட்டியிருந்தது. ஆலையில் தகடு உருட்டும்போது, சூடாக இருக்கும் இரும்பில் தண்ணீர் கொட்டித் தேங்கினால் அந்த இடம் மட்டும் சட்டென்று குளிர்ந்து கெட்டியாகிவிடும். பார்த்தால் தெரியாது. ஆனால் என்றைக்காவது விரிசல் விடும். உள்ளே இருப்பது அழுத்தமாக அடைத்த எரிவாயு.

மேல்பூச்சைச் சுரண்டி, இரும்பைத் தேய்த்து, கடினத்தை அளக்கும் கருவியை வைத்துவைத்துப் பார்த்தாள். எங்கும் ஒரே மாதிரிதான் இருந்தது.

"மூடிடலாம் மேடம். அந்தக் காந்தக் கருவி சில நேரம் இல்லாததையும் காட்டும்" என்றார் மேலே நின்ற மேற்பார்வையாளர் சுப்புராஜ்.

அவளுக்கும் மூடிவிட்டுப் போகலாம் என்றுதான் இருந்தது. ஆனாலும் துண்டுதுண்டாகப் பற்றவைத்த அந்தக் குழாயில், இரண்டு பற்றவைப்புகளுக்கு நடுவே இருந்த துண்டின் நீளத்தை அளந்தாள். காந்தக் கருவி சொன்ன துண்டு குட்டையானது. இதுவோ நீளமாக இருந்தது. தோண்டியது பக்கத்துத் துண்டை! சரியான துண்டு இன்னும் கொஞ்சம் தள்ளி, வேலப்பன் என்பவரின் வீட்டு வாசலுக்கு நேராக இருந்தது. அங்கே பந்தல் போட்டிருந்தார்கள். மறுநாள் அவர் மகள் மலருக்குக் கல்யாண வரவேற்பு.

முதலில் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டு அழுத்தத்தைக் குறைக்கச் சொன்னாள். பிறகு சேற்றுக் காலோடு பந்தலுக்குப் போனாள்.

ஆட்டோ ஓட்டும் வேலப்பனுக்குக் கோபம் தலைக்கேறியது. "இன்னாம்மா, அந்தாண்ட தோண்டுனீங்க, ஒண்ணியும் கெடைக்கல. இப்ப என் வாசலா? நாளைக்கு மாப்ள வூட்டுக்காரங்க வராங்க, பேஜாரு பண்ணிகினு!"

"தப்பு எங்க மேலதாண்ணா. பக்கத்துத் துண்ட தோண்டிட்டோம். பழுது இங்கதான் கீதுன்னு நெனைக்கிறேன். இல்லாமயும் போவலாம். தோண்டாம நான் எப்டிண்ணா அடிச்சி சொல்றது?"

"அப்ப கல்யாணம் முடிஞ்சி தோண்டு."

"அழுத்தத்தக் கொறச்சிட்டோம். ஆனா இவ்ளோ பேரு ஒக்காந்து சாப்புடற எடம். என் வூட்டு விசேஷமா இருந்தா நான் இங்க வெக்க மாட்டேன்."

வேலப்பன் தலையைச் சொறிந்தார். அவர் மனைவி மங்கை உள்ளேயிருந்து வந்தாள். பந்தலை ஒருமுறை பார்த்தாள், மெர்லினையும் பார்த்தாள்.

"இன்னா யோசிச்சிகினு கீற? பின்னாடி தெருவுல போட்டுக்கலாம், கயட்டுய்யா" என்றாள் கணவனிடம்.

தெரு ஆட்களோடு மெர்லினின் குழுவும் சேர்ந்து பந்தலைப் பிரித்தது. சுப்புராஜே ஒரு கம்பத்தைத் தோளில் சுமந்துபோனார்.

மறுநாள் காலையில் அந்தத் துண்டு வெளியே வந்தது. தேய்த்த இரும்பில் அமிலம் தடவியதும், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு மட்டும் நிறம் மாறித் தெரிந்தது. கடினத்தை அளக்கும் கருவியை வைத்ததும் அளவு விறுவிறுவென்று ஏறியது. விரிசல் இருந்தால் காட்டிக்கொடுக்கும் காந்தப் பொடியைத் தூவினார்கள். திட்டின் நடுவே மயிரிழைபோல் ஒரு கோடு. விரிசல் தொடங்கியிருந்தது, குழாயைத் துளைக்கவில்லை.

மெர்லின் அந்தக் கோட்டைப் படமெடுத்துக்கொண்டாள். குழிச் சுவரில் சாய்ந்து நின்றாள். சுப்புராஜ் எட்டிப் பார்த்துவிட்டு, "நான் மூடச் சொன்னேனே மேடம்" என்றார் மெதுவாக.

"அதான் மூடலையே சார்."

எரிவாயுவை நிறுத்தி, அந்தத் துண்டை வெட்டியெடுத்துப் புதுக்குழாய் வைப்பது என்று முடிவானது. நிர்வாகம் முதலில் தயங்கியது. விரிசலின் படத்தைப் பார்த்த பிறகு மறுபேச்சு இல்லை.

சாயங்காலம் பின்தெருவில் வரவேற்பு நடந்தது. மங்கை மெர்லினைக் கையைப் பிடித்து இழுத்துவந்து பந்தியில் உட்காரவைத்தாள். மலர் மேடையிலிருந்தே கையசைத்தாள்.

வேலப்பன் பிரியாணி வாளியோடு வந்து நின்றார். "இத்த மாதிரி வேற எங்கனா கீதாம்மா?"

"சந்தேகம் இன்னும் ரெண்டு மூணு எடத்துல கீதுண்ணா. அடுத்தது எண்ணூர்ல, ஒரு கடை வாசல். கடைக்காரரு தோண்ட வுட மாட்டேங்கிறாரு."

"எந்தக் கடை?"

சொன்னாள். வேலப்பன் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கைபேசியை எடுத்தார்.

"அவன் நம்ம தோஸ்துதாம்மா. நீ சாப்புடு, நான் பேசறேன்."