என் இடுப்பும் டோரீனின் புருஷனும்

எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்கு வந்தவன் கிளம்பப் போகிறான் என்பதை வாயால் சொல்வதற்கு முன் கையால் சொல்லிவிடுவான். இரண்டு முழங்காலிலும் பட்டென்று அடித்து, "சரி, அப்போ…" என்பான். அடித்த கையோடு எழுந்துவிட வேண்டும். பிறகு வாசலில் நின்று அரை மணி நேரம் காற்றையும் சோளத்தையும் பற்றிப் பேசுவது வேறு விஷயம். ஐயோவாவில் பிறந்த எவனும் முழங்காலில் அடித்துவிட்டு உட்கார்ந்தே இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

நான் இருந்தேன். அதுவும் என்னை விட்டுப்போன டோரீனின் வீட்டில், அவளுடைய இரண்டாவது புருஷன் நார்பர்ட்டின் சோபாவில்.

எங்கள் மகள் பிரிட்டாவுக்குக் கல்யாணம். இன்னும் ஆறு வாரம்தான் இருந்தது. விருந்துக்கு ஹாம் சாண்ட்விச் போதுமா, கோழியும் வேண்டுமா என்று பேசி முடிவு செய்ய டோரீன் என்னைக் கூப்பிட்டிருந்தாள். பேசினோம். தண்ணீர் மாதிரி காபி குடித்தோம். கேரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லியையும் நான் மரியாதைக்காக மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். பிறகு முழங்காலில் அடித்து, "சரி, அப்போ…" என்றேன். அடி முதுகிலிருந்து வலது பிட்டம் வரைக்கும் யாரோ கடப்பாரையை இறக்கினார்கள். எழுந்தேன் என்று நான் நினைத்தேன். சோபா அப்படி நினைக்கவில்லை.

டோரீன், நார்பர்ட், கூட இருந்த பிரிட்டா மூவரும் எழுந்துவிட்டார்கள். நார்பர்ட் போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். மார்ச் மாதத்துக் குளிர் உள்ளே வந்தது.

"பாத்துப் போங்க வெர்லின். காத்து பலமா இருக்கு" என்றான்.

"ஆமாங்க. மேற்கேயிருந்து அடிக்குது" என்றேன், உட்கார்ந்தபடியே.

"சோளம் போடறதுக்குள்ள காஞ்சிடும்."

"காஞ்சிடும் காஞ்சிடும்."

இப்படியே கால் மணி நேரம் ஓடியது. டோரீன் ஸ்வெட்டர் எடுத்துப் போட்டுக்கொண்டாள். நாய் வெளியே போய் வேலையை முடித்துக்கொண்டு திரும்பி வந்தது. நான் இன்னும் இரண்டு தடவை முழங்காலில் அடித்தேன். அவர்களும் இரண்டு தடவை போய்வரச் சொன்னார்கள். ஏன் எழுந்திருக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் மரியாதையாக இருக்காது.

நார்பர்ட்டுக்கும் எனக்கும் மரியாதையில் குறைச்சலே கிடையாது. எங்களூரில் பகை ஏற ஏற மரியாதையும் ஏறும். அவன் கைரோபிராக்டர், முதுகையும் இடுப்பையும் முறுக்கி மூட்டுகளைச் சரிசெய்கிறவன். ஊரில் நெட்டி டாக்டர் என்றால்தான் தெரியும். இந்த வைத்தியம் பிறந்ததே எங்கள் ஆற்றங்கரையில், டேவன்போர்ட்டில். அதனால் இங்கே முடிவெட்டிக்கொள்ளப் போவதுபோல நெட்டியெடுக்கப் போவார்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் டோரீன் தோள்வலிக்கு என்று அவனிடம் போனாள். தோள் சரியாகிவிட்டது. ஆள்தான் திரும்பி வரவில்லை.

கடைசியில் குளிர் தாங்காமல் அவனே கேட்டுவிட்டான். "வலிக்குதுங்களா?"

"பரவாயில்லைங்க."

"ஒன்னுலேர்ந்து பத்துக்குள்ள சொல்லுங்களேன்."

"ஒன்னரை இருக்கும்."

அவன் டோரீன் பக்கம் திரும்பினான். "இந்த ஜில்லாவுல ஒன்னரைன்னா ஒன்பது" என்றான்.

அது உண்மைதான். ஒரு மாதமாகவே எனக்குப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. பன்றித் தீவன லாரி ஓட்டுகிறவன் நான். காலையில் சாக்ஸ் போட முடியாமல், சாக்ஸைத் தரையில் விரித்துவைத்து அதற்குள் காலை விட்டு நகர்ந்துகொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. எங்களூர் ஆண்களுக்கு வலிக்காது. செத்துப்போவார்களே தவிர, வலிக்காது.

பிரிட்டா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, முடியலைன்னா சொல்லிடுங்க. சர்ச்சுல மாப்பிள்ளைகிட்ட நார்பர்ட் என்னைக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகட்டும். நான் ஒன்னும் நெனச்சுக்க மாட்டேன்" என்றாள்.

அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். நான் நார்பர்ட்டைப் பார்த்தேன். பெண்டாட்டியை எடுத்துக்கொண்டான், சரி. மகளோடு இருந்த ஞாயிற்றுக்கிழமைகளை எடுத்துக்கொண்டான், சரி. ஊரே பார்க்க என் மகளைக் கையில் கோத்துக்கொண்டு அந்த நடையையும் இவனே நடந்துவிட்டால், இந்தப் பூமியில் எனக்கு மிச்சமிருப்பது லாரியும் பன்றிகளும்தான்.

"டாக்டரே, என்ன செய்யணுமோ செஞ்சிடுங்க" என்றேன்.

அன்று கம்பளத்தில் உருட்டிப்போட்டு ஏதோ செய்து என்னை நிற்கவைத்தான். வளைந்துதான் நின்றேன். அடுத்த நாளிலிருந்து வைத்தியம் அவனுடைய கிளினிக்கில்.

அங்கே என்னைக் குப்புறப் போட்டு, இரண்டு குதிகாலையும் சேர்த்துப் பிடித்து அளந்து பார்த்தான். பிறகு இடுப்பில் இங்கே அங்கே அழுத்தினான். நான் கூரையைத் தொடாத குறை.

"லாரியிலேர்ந்து எறங்குறப்ப வலது கால்லயே குதிப்பீங்களா?"

"எல்லாரும் அப்படித்தானே குதிக்கிறாங்க."

"எல்லாரும் இல்லைங்க, நீங்க. முதுகெலும்பு முடிஞ்சு இடுப்பெலும்போட சேர்ற எடத்துல ரெண்டு பக்கமும் ஒரு மூட்டு இருக்கு. துளிதான் அசையும். உங்களுக்கு வலது பக்கம் அந்தத் துளியும் அசையல, பூட்டிக்கிச்சு. அதைத் தொறக்கணும், தொறந்ததும் திரும்பப் பூட்டிக்காம சுத்தியிருக்க சதைக்கு வேலை கத்துக்குடுக்கணும். ஒரே நாள்ல ஆகாது."

"கல்யாணத்துக்குள்ள?"

"பாப்போம்" என்றான்.

பாப்போம் என்றால் என்ன அர்த்தம்? நான் குணமாகாவிட்டால் லாபம் யாருக்கு? கதவுக்குப் பின்னால் பிளாஸ்டிக் உறையில் ஒரு புது சாம்பல் நிற சூட் தொங்கிக்கொண்டிருந்ததை நான் கவனிக்காமல் இல்லை.

"சூட் நல்லாருக்குங்க. எதுக்கு?"

"கல்யாணத்துக்குத்தான்."

"கல்யாணத்துல எதுக்கு?"

"உக்கார்றதுக்கு" என்றான் நார்பர்ட். "திரும்பிப் படுங்க."

இனிமேல் நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. என்னை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்தான். வலது முழங்காலை மடக்கித் தன் தொடையால் அதன்மேல் சாய்ந்தான். என் கைகளை மார்பில் குறுக்காக வைத்து, ஒரு கையால் தோளை வளைத்து, இன்னொரு கையால் இடுப்பை வளைத்து என்னைத் தன்னோடு சேர்த்துப் பிடித்தான். அவன் தாடை என் காதருகே இருந்தது. பெப்பர்மின்ட் வாசனை வந்தது. டோரீனைக் கட்டிக்கொண்டவன் இப்போது என்னைக் கட்டிக்கொண்டான்.

"மூச்சை இழுங்க. விடுங்க. முழுசா விடுங்க."

விட்டேன். அவன் ஒரு உந்து உந்தினான். டொக்கென்று சத்தம் கேட்டது. அடுத்த அறையில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து சீட்டு எழுதுகிற இர்மா, "அடேயப்பா!" என்றாள்.

வீட்டுக்கு வந்து லாரியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இடுப்பு லேசாக இருந்தது. ஆனால் அதற்காக உட்காரவில்லை. டோரீன் போனபிறகு என்னை ஒருவரும் அணைத்ததில்லை. பிரிட்டா வந்தால் தோளில் தட்டுவாள், அவ்வளவுதான். பதினோரு வருஷத்துக்கு அப்புறம் ஒருத்தர் என்னை இறுக்கிப் பிடித்து மூச்சுவிடச் சொல்லியிருக்கிறார், அது போயும் போயும் இவனா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது. அவன் மறுபடி வரச்சொன்ன செவ்வாய்க்கிழமை எப்போது வரும் என்றும் இருந்தது.

மறுநாள் உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலித்தது. கெடுத்துவிட்டான் என்று உறுதியாக நம்பினேன். போனில் சொன்னதற்கு, "அப்படித்தான் இருக்கும், ஐஸ் வைங்க" என்றான். மூன்றாம் நாள் கையால் சாக்ஸ் போட்டேன். அவன் என் இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை கட்டிவிட்டான். முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துத் தூங்கச் சொன்னான். மல்லாந்து படுத்து இடுப்பை மட்டும் மேலே தூக்கி இறக்கும் பயிற்சி ஒன்று கொடுத்தான். வண்டியில் போகும் இடத்திலெல்லாம் அதைச் செய்ய வேண்டியிருந்தது. பன்றிப் பண்ணையில் தார்ப்பாய் விரித்துச் செய்தபோது கொட்டகையில் இருந்த அத்தனை பன்றியும் வேலியோரம் வந்து நின்று பார்த்தன. அவற்றுக்கும் மரியாதை தெரியும், ஒன்றும் கேட்கவில்லை.

நாலு வாரத்தில் நிமிர்ந்துவிட்டேன். நிமிர்ந்தவனுக்குக் கால் சும்மா இருக்குமா? கடைத்தெருவில் தீவனக் கிடங்குக்கு முன்னால் லாரியை நிறுத்தினேன். எதிரே கிளினிக் ஜன்னலில் நார்பர்ட் நின்றிருந்தான். நான் எப்படி இருக்கிறேன் என்று அவன் பார்க்கட்டும் என்று, படியில் கால்வைக்காமல் மேலிருந்து குதித்தேன். வலது காலில்.

எழவு, அப்படியே வளைந்து லாரிச் சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். நார்பர்ட் கோட்டுகூட இல்லாமல் தெருவைக் கடந்து ஓடிவந்தான்.

"யோவ், உனக்கு அறிவிருக்காய்யா?"

பதினோரு வருஷத்தில் அவன் என்னிடம் மரியாதை இல்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை.

"வேணும்னே குதிச்சியா? இன்னும் ரெண்டு வாரம்யா!"

"உனக்கென்னய்யா? நான் நடக்கலைன்னா நீ நடக்கப் போற. சூட்டும் வாங்கித் தொங்கவிட்டாச்சு" என்றேன், சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே.

அவன் குனிந்து என் முகத்துக்கு நேராக வந்தான்.

"ஆசை இருக்குய்யா. இல்லைன்னா பொய். எனக்குன்னு புள்ளை இல்லை. அவ கையப் புடிச்சு நடக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை. ஆனா அதுக்காக உன் இடுப்பைக் கெடுப்பேன்னு நெனச்சியா? கெடுக்கணும்னா உன் கழுத்து பத்து தடவை என் கையில இருந்துச்சே."

அவன் தோளைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தேன்.

மறுபடி ஐஸ், மறுபடி பட்டை, மறுபடி மூச்சை விடுய்யா. கடைசி வாரத்தில் நடை ஒத்திகை வேண்டும் என்றான். "ஒரு பக்கம் பொண்ணு கை தொங்குறப்ப இடுப்பு வேற மாதிரி ஓடும். பாத்தாத்தான் தெரியும்." பிரிட்டா வேலைக்குப் போயிருந்தாள். இர்மாவுக்கு முழங்கால் சரியில்லை. ஆக நார்பர்ட்டே மணப்பெண் ஆனான். என் கையில் தன் கையைக் கோத்துக்கொண்டு, "சின்ன அடியா வைய்யா, உன் பொண்ணுக்குக் கவுன் தடுக்கும்" என்றான். இர்மா மேஜையில் தாளம்போட்டுக் கல்யாண வாத்தியத்தை வாயாலேயே வாசித்தாள். நாங்கள் இருவரும் எக்ஸ்ரே அறையிலிருந்து வாசல்வரை மெல்ல நடந்து வந்தோம். வாசலில் தபால்காரர் நின்றிருந்தார்.

"காத்து எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"கொறைஞ்சிருக்கு" என்றார் அவர், தபாலைக் கீழே வைத்துவிட்டு. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. கிடங்கில் ஒருத்தன், "வெர்லின், முதல்ல டோரீன் கையப் புடிச்ச, இப்ப நார்பர்ட் கையா?" என்று கேட்டான்.

கல்யாணத்தன்று சர்ச் கதவு திறந்தது. பிரிட்டா என் கையைப் பிடித்தாள். "அப்பா, முடியுமா?" என்றாள். "நீ விழாம வா" என்றேன். ஆர்கன் ஆரம்பித்தது. நடந்தேன். சின்னச் சின்ன அடி. வலது கால், இடது கால், இரண்டும் என் சொல் கேட்டன. சபையில் அத்தனை பேரும் எழுந்து நின்று மணப்பெண்ணைப் பார்த்துக் கண் கலங்கினார்கள். சாம்பல் சூட் போட்ட ஒருவன் மட்டும் என் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் தாண்டிப் போகும்போது அவனும் அழுதான். எனக்கு அவன்மேல் பொறாமையும் இல்லை, கோபமும் இல்லை. அவன் நின்ற இடத்தில் நான் நின்றிருக்கக் கூடும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

விருந்து தீயணைப்பு நிலையக் கூடத்தில். பிரிட்டாவோடு ஒரு போல்கா நடனம் முழுக்க ஆடினேன். ஆடி முடித்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றபோது நார்பர்ட் இரண்டு பீரோடு வந்தான். இரண்டு கட்டைவிரலாலும் என் அடி முதுகை ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தான்.

"நல்லா ஓடுது. முடிஞ்சுதுய்யா. இனிமே நீ வர வேண்டாம்" என்றான்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் டோரீனும் சமையலறையில் நின்று முடிஞ்சுது என்றுதான் சொன்னாள். நான் சரி என்றேன். எங்களூர் ஆண்கள் அதைத்தான் சொல்வார்கள். அவள் காரைக் கிளப்பிக்கொண்டு போகும்வரை சரி சரி என்று தலையாட்டிக்கொண்டு நின்றேன். இப்போதும் வாய் அதைத்தான் சொல்லப்போனது.

"வலிக்குது" என்றேன்.

என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை. நார்பர்ட் பீரை மேஜையில் வைத்தான்.

"எங்க?"

அதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. அவசரத்தில் இடது இடுப்பில் கையை வைத்தேன்.

அவன் அந்தக் கையைப் பார்த்தான். ஆறு வாரமாக அவன் பாடுபட்டதெல்லாம் வலது பக்கத்தில்.

"ரொம்பவா?"

"ரொம்ப."

"அப்ப செவ்வாய்க்கிழமை வந்துடு" என்றான்.