இரண்டாவது சத்தம்

புவனகிரி தாண்டி வயலுக்கு நடுவே இருக்கும் துணைமின் நிலையத்தில், பொழுது விடிவதற்கு முன்பே எங்கள் வேலை தொடங்கிவிடும். பனியில் நனைந்த ஜல்லி செருப்பைத் துளைக்கும். ஏணி சுமந்து தோள் காய்த்துப்போன ஒப்பந்தக் கூலிகள் நாங்கள் ஏழு பேர்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மின்சாரத்தை அறுக்கும் பிரேக்கரை ஆஃப் செய்யும்போது யாரும் பேசக்கூடாது, இருமக்கூடாது. மூன்று பேஸும், அதாவது மின்சாரம் வரும் மூன்று கம்பிகளும், ஒன்றாக அறுபட்டால் 'டமார்' என்று ஒரே சத்தம். அதைக் கேட்ட பிறகுதான் பக்கிரி பக்கத்திலுள்ள ஐசொலேட்டரின், கம்பியைத் தனியே பிரித்துவிடும் கருவியின், கைப்பிடியைச் சுற்றுவான். ஒரு பேஸில் மின்சாரம் அறுபடாமல் இருந்தால் நெருப்பு கைக்கே தாவும். தை மாதம் அவன் மச்சான் சார்லஸுக்கு இரண்டு கையும் அப்படித்தான் வெந்தது.

அன்று 'டமார்' வந்தது. பின்னாலேயே 'டக்' என்று இன்னொன்று.

பக்கிரி கைப்பிடியை விட்டுவிட்டான்.

"ஏன் நிக்கற? சுத்து," என்றார் ஒப்பந்தக்காரர் ராமாமிர்தம்.

"ரெண்டு சத்தம் கேட்டுச்சுங்க. ஒரு பேஸ் லேட்டா விடுது. பிரிச்சுப் பாத்து சரிபண்ணுங்க."

"பிரிக்காம பாக்கத்தான மிஷின் வாங்கியிருக்கேன்? பச்சை காட்டுது. உன் காதுக்கு எவன் சர்டிபிகேட் குடுத்தான்?"

அந்த மிஷின் பிரேக்கர் பெட்டிமேல் காந்தத்தால் ஒட்டிய உள்ளங்கையளவு கருவி. பெட்டியைத் திறக்காமலே உள்ளிருக்கும் அதிர்வை அளந்து, அதைக் கவனிக்க வந்த ஜெயராணியின் லேப்டாப்பில் கோடாக வரையும். அது வந்ததும் பெட்டியைப் பிரித்துப் பழுதுபார்ப்பது நின்றது. பன்னிரண்டு பேர் ஏழானோம். அந்த ஆத்திரத்தை அந்தப் பெண்மேல் காட்டினோம். அவளும் ஒப்பந்தக் கூலிதான் என்பது எங்கள் மரமண்டையில் ஏறவில்லை. ஒருநாள்கூட டீ குடிக்கக் கூப்பிட்டதில்லை. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஜெயராணி லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பினாள். கோட்டில் ஒரு பெரிய மேடு, தள்ளி ஒரு சின்ன மேடு.

"அண்ணனுக்குக் கேட்டதுதான் இதுலயும் இருக்கு. போன மாசமே செவப்பு காட்டுச்சு. சார்தான் செவப்பு காட்டற அளவ ஏத்தி வைக்கச் சொன்னாரு. அதான் பச்சை."

"நாளையிலேருந்து நீ வராத," என்றார் ராமாமிர்தம்.

"சரிங்க சார். இன்னிக்கு இருக்கேன்ல."

அவர் எங்களைப் பார்த்தார். "வேற யாரு சுத்தறீங்க?"

யாரும் நகரவில்லை. புல் அறுக்கும் சவரியம்மாள் அரிவாளைக் கீழே போட்டாள்.

"சிதம்பரத்துல ஆளா இல்ல? மதியத்துக்குள்ள கொண்டாந்து எறக்கறேன்."

"எறக்குங்க. அவுங்களுக்கும் காது இருக்கு," என்றான் பக்கிரி.

எல்லோரும் கேட்டுக்கு வெளியே வந்து உட்கார்ந்தோம். சவரியம்மாள் தன் டீயை ஜெயராணியிடம் நீட்டினாள். நாளை யாருக்கு வேலை இருக்கும் என்று தெரியாது. கை வெந்த பிறகு கேட்டுக் காவலுக்குப் போடப்பட்ட சார்லஸால் விரலை மடக்க முடியாது. ஜெயராணிதான் அவனுக்குத் தெரிந்த சிதம்பரம் கூலிகளுக்குப் போன் போட்டு, அவன் காதருகே பிடித்தாள்.

"உங்கள இங்க கூப்புடுவாங்க. அந்தக் கைப்பிடியத் தொடாதீங்கப்பா," என்று நடந்ததைச் சொன்னான் சார்லஸ்.

அந்தப் பக்கம் ஒருவர் அதை மற்றவர்களுக்குச் சொல்வது கேட்டது. பிறகு எங்களுக்கும் கேட்கும்படி ஒரு குரல் வந்தது.

"தொடல மாமா. உங்ககூட உக்கார நாங்க எத்தன பேரு வரணும்?"