அக்கறை ஏற்றுமதி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. ஆற்றுக்குக் குறுக்கே பாலம் வந்தபின் எங்கள் வட்டாரம் கண்ட அசுர வளர்ச்சி, எதிர்க்கரையில் இருக்கும் அண்டை நாட்டோடு நடக்கும் கொடுக்கல் வாங்கல் பற்றி ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை எழுதினேன். தலைப்பு, 'அக்கரை வியாபாரம்'. நான் எழுதித் தொலைத்ததோ 'அக்கறை வியாபாரம்'. பத்திரிகை ஆசிரியர் சிவப்பில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். கட்டுரை போயிற்று. பிழையையாவது வீணாக்க வேண்டாமே என்று அதை ஒரு பெண்ணின் தலையில் கட்டிவிட்டேன்.

2

பாலம் திறந்த நாள்முதல் ஊர் தலைகால் தெரியாமல் வளர்ந்து, தனிநபர் வருமானம்

(வேண்டாம். இது அந்தக் கட்டுரையின் மிச்சம்.)

முடிவெட்டுகிறவர் தன் கண்ணாடியில் அக்கரை நாணயத்தின் அன்றைய விலையை ஒட்டி வைத்திருந்தார். கிடங்கு கட்ட இடம் கேட்டு ஆட்கள் அலைந்தார்கள். வீட்டு வாடகை ஏறிக்கொண்டே போனது. பிளாஸ்டிக் வாளிக் கம்பெனியில் ஸ்டிக்கர் அடிப்பவளுக்கு அதுதான் பயம். வேலை போனால் அவளும் மகளும் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான்.

[முதல் வரைவில் இவளுக்கு ஒரு கணவர் இருந்தார். ஒரு வேலையும் செய்யாமல் பக்கத்தை அடைத்துக்கொண்டு கிடந்தார். எடுத்துவிட்டேன்.]

'அக்கரை ஏற்றுமதி' என்று அடிக்க வேண்டிய ஸ்டிக்கரில் அவள் 'அக்கறை ஏற்றுமதி' என்று அடித்தாள். யாரும் கவனிப்பதற்குள் வாளிகள் லாரியேறிப் பாலம் தாண்டிவிட்டன.

(அக்கரையிலும் நம் எழுத்துதான். அட்லஸைத் தேடாதீர்கள், இது கதை.)

3

"ஏம்மா, நாம விக்கிறது வாளிம்மா, வாளி! அக்கறைய எவன் ஏற்றுமதி பண்றான்?" முதலாளி மேசையில் அடித்தார்.

"ர வர்ற இடத்துல ற விழுந்துருச்சு சார்."

"அதுவா ஏறி விழுந்துச்சா? நாளையிலருந்து நீ..."

போன் அடித்தது. அக்கரைக் கடைக்காரம்மா. ஸ்பீக்கரில் அந்தக் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அண்ணே, அந்த அக்கறை வாளி இன்னும் ரெண்டு லோடு அனுப்புங்க. பேரைப் பாத்துட்டே அள்ளிட்டுப் போறாங்க. யாருண்ணே வச்ச பேரு?"

"நான்தாம்மா," என்றார் முதலாளி, கண்ணை இமைக்காமல்.

போனை வைத்ததும் ஸ்டிக்கர்காரி நிமிர்ந்தாள். பயம் எங்கே போனதோ தெரியவில்லை.

"பேரு உங்களோடதுன்னா, தப்பும் உங்களோடதுதானே சார்?"

4

இந்த வசனத்தை நான் எழுதவில்லை. அவளே சொல்லிவிட்டாள். எனக்குத்தான் சுருக்கென்றது. அந்தத் தப்பின் அசல் சொந்தக்காரன் நானல்லவா?

முடிவு ஒன்று: முதலாளி சிரித்துச் சம்பளத்தைக் கூட்டுகிறார். (எழுதிப் பார்த்தேன். ஆள் மசியவில்லை. அவரை ரொம்பத் தத்ரூபமாகப் படைத்துத் தொலைத்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: அவளே எதிர்வரிசையில் ஒரு கடை போட்டு

(அந்த வாடகைக்கா?)

முடிவு மூன்று: அவளை வெளியே அனுப்புகிறார். இதை எழுத எனக்குக் கை வரவில்லை. என் பிழைக்கு அவள் ஏன் தெருவில் நிற்க வேண்டும்?

அவள் இன்னும் மேசைக்கு முன்னால்தான் நிற்கிறாள். முதலாளி வாயைத் திறக்கிறார். அவருடைய அடுத்த வாக்கியம் உங்களுடையது. எழுத்துப்பிழை வந்தாலும் பாதகமில்லை. அவளுக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்பதை மட்டும் மனத்தில் வைத்து, கொஞ்சம் அக்கரையோடு எழுதுங்கள்.