காற்றில் போட்ட வெல்டிங்

படகின் அடித்தகட்டில் தான் போட்ட வெல்டிங்கை ஒடிலியா கையுறையைக் கழற்றித் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. பார்க்க என்னவோ அழகுதான். அந்த அழகைத்தான் அவளால் நம்ப முடியவில்லை.

ராடு வெல்டிங்தான் போடுவேன் என்று காலையிலேயே தலைபாடாக அடித்துக்கொண்டாள். அது மெதுவானதுதான். ஒரு ராடு தீர்ந்ததும் இன்னொன்றை மாட்ட வேண்டும், கசடைத் தட்டித் தட்டி எடுக்க வேண்டும். ஆனால் இந்தத் தென்கோடித் துறைமுகமான புன்டா அரேனாஸின் பேய்க்காற்றை அது சட்டை செய்யாது. ராடின் பூச்சே எரிந்து, உருகிய இரும்பைப் போர்த்திக்கொள்ளும். மிக் வெல்டிங்கில் கம்பி தானாக ஓடிவரும், வேலை மூன்று மடங்கு வேகம். காவலுக்கு இருப்பதோ வெறும் கேஸ். இந்தக் காற்றுக்கு முன்னால் கேஸ் எம்மாத்திரம்? நாளை நண்டுப் பருவம் திறக்கிறது, இன்று மூன்று மணிக்குக் கடல் ஏறும்போது படகு இறங்கியாக வேண்டும் என்று முதலாளி எவாரிஸ்தோ ஒற்றைக்காலில் நின்றார். தார்ப்பாயை மறைப்பாகக் கட்டி மிக்கிலேயே ஆரம்பித்தாள். பாதியில் தார்ப்பாய் பிய்த்துக்கொண்டு போனது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தாமல் கேஸைக் கூட்டி வைத்தாள், பாவி. அளவுக்கு மீறிக் கூட்டினால் அது சுழன்று வெளிக்காற்றையும் உள்ளே இழுக்கும் என்று தெரியாதவளா அவள்?

"ஏம்மா, தடவிக்கிட்டே நிப்பியா? பெயிண்ட அடி" என்றார் எவாரிஸ்தோ.

"உள்ள ஓட்டை இருக்கும் மொதலாளி. பாதிய திரும்பப் போடணும்."

"கண்ணாடி மாதிரி இருக்கு. எங்க ஓட்டை, காட்டு பாப்பம்!"

கிரைண்டரை எடுத்து ஒரு சாண் தேய்த்தாள். சுத்தமான இரும்பு. அவர் சிரித்தார். தார்ப்பாய் பிய்ந்த இடத்தைத் தாண்டித் தேய்த்தாள். ரொட்டியைப் பிட்டது போல உள்ளே பொடிப்பொடியாக ஓட்டைகள். அவர் சிரிப்பு நின்றது.

"ஒண்ணு ரெண்டு எல்லாத்துலயும் இருக்கும். பெயிண்ட் மூடிரும்."

அந்தப் படகில்தான் அவள் கணவன் ரொசெண்டோவும் போகிறான். படகுக்குள்ளிருந்து அவன் குரல் வந்தது. "ஒடி, டார்ச் அடிச்சுப் பாத்துட்டேன், இந்தப் பக்கம் நல்லாத்தான் இருக்கு. இந்த சீசனும் போச்சுன்னா என்னைய எவன் ஏத்துவான்? வம்பு பண்ணாம பூசிடு."

சாகப்போகிறவனே அவசரப்பட்டால் என்ன செய்வது? படகைத் தாங்கிய வண்டியின் முன்சக்கரத்தைத் தண்ணீர் தொட்டுவிட்டது. எவாரிஸ்தோ பெயிண்ட் டப்பாவைத் திறந்து அவள் காலடியில் வைத்தார்.

அவள் கிரைண்டரில் வெட்டும் வட்டை மாற்றினாள்.

"ஏய், என்ன பண்ற?"

"ரொசெண்டோ, தள்ளி நில்லு!" என்று கத்திவிட்டு, வெல்டிங்கின் நடுவிலேயே வைத்து அழுத்தினாள். பொறி பறந்தது. எவாரிஸ்தோ கத்தியது எதுவும் காதில் விழவில்லை. வட்டு சட்டென்று இலகுவானது. அடித்தகட்டில் முழ நீளத்துக்குப் பிளவு.

பிளவு வழியே ரொசெண்டோவின் டார்ச் வெளிச்சம் கசிந்து, அவள் மார்பில் ஒரு மெல்லிய கோடாக விழுந்து, அசையாமல் நின்றது.