பஸ்காவுக்கு விற்ற புளித்த மாவு

பஸ்கா பண்டிகையின் எட்டு நாளும் யூதருக்குச் சொந்தமாகப் புளித்த மாவு ஒரு துளிகூட இருக்கக் கூடாது. நானோ ரொட்டிக் கடைக்காரி. போதாக்குறைக்கு, கடையின் பின்னறையில் ஒரு கண்ணாடி ஜாடியில் லைபலின் புளித்த மாவு இருந்தது. லைபல் என் கணவர். கல்யாணமான புதிதில் அவர் கரைத்து வைத்த மாவு அது. தினமும் கொஞ்சம் எடுத்து ரொட்டிக்குச் சேர்ப்பார், எடுத்த அளவுக்குப் புது மாவும் தண்ணீரும் ஊற்றி வளர்ப்பார். அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. சட்டைகளையெல்லாம் கொடுத்துவிட்டேன். ஜாடியை மட்டும் விட மனசில்லை.

யூதர் அல்லாத ஒருவருக்கு விற்றுவிட்டால் அது தப்பும். விற்காமல் வைத்திருந்தால், பண்டிகைக்குப் பிறகும் அதை உபயோகிக்க முடியாது, குப்பையில் கொட்ட வேண்டியதுதான். அதனால் வருடா வருடம் பின்னறையையும் அதிலுள்ளதையும் பக்கத்து வீட்டு பிரோனியாவுக்கு விற்பேன். எட்டு நாள் கழித்துத் திரும்ப வாங்கிக்கொள்வேன். அவள் கத்தோலிக்கப் போலந்துக்காரி. வாங்கிய பொருளை ஒருமுறைகூட எட்டிப் பார்த்ததில்லை. ஜாடி பட்டினி கிடந்து எப்படியோ பிழைத்துக்கொள்ளும்.

அந்த வருடம் பஸ்காவுக்கு முந்தின பகலும் பெரிய வெள்ளியும் ஒரே நாளில் வந்து தொலைத்தன.

"பெரிய வெள்ளியன்னிக்கு வாங்கறது விக்கிறதெல்லாம் என்னால முடியாதுடி, ஸெல்டா" என்று பிரோனியா கதவிலேயே சொல்லிவிட்டாள். "ஆண்டவர் சிலுவையில தொங்குற நாள்டி."

எங்கள் சட்டப்படி காலை பதினொரு மணிக்குள் விற்றாக வேண்டும். எதிர்ச்சாரியில் சோபாவுக்குத் துணி தைக்கும் ஃபிக்ரெட்டிடம் ஓடினேன். போஸ்னியாக்காரர், ரமலான் நோன்பில் இருந்தார். பின்னறையில் இருப்பவற்றை எழுதிக் கொண்டுபோன பட்டியலை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார். மனிதர் எதையும் அளந்து பார்க்காமல் வெட்ட மாட்டார்.

"அக்கா, இது என்ன? விஸ்கி ரெண்டு பாட்டிலா?"

"லைபலோட தம்பி வச்சுட்டுப் போனது. அதுவும் தானியத்துல புளிச்சதுதானே, விக்கணும்."

"நான் எப்படிக்கா அதுக்குச் சொந்தக்காரன் ஆக முடியும்? எங்களுக்கு ஹராமாச்சே. அதுவும் நோன்பு மாசத்துல!"

"குடிக்கவா சொல்றேன்? பேருக்குத்தானே?"

"பேருக்குன்னா வேற ஆளைப் பாருங்க. நான் வாங்கினா வாங்கினதுதான்."

மணி பத்தேகால். பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு மறுபடி பிரோனியாவிடம் ஓடினேன். அவள் சிரிக்காமல் யோசித்தாள். "வாங்கத்தானே கூடாது? பரிசா குடு. ஆனா பரிசைத் திருப்பித் தர்ற பழக்கம் எங்க வீட்டுல இல்ல, ஆமா." கொடுத்தேன். அவை போனவை போனவைதான்.

ஃபிக்ரெட் விஸ்கி வரியை அடித்துவிட்டு இருபது டாலர் தந்தார். இறைவன் பேரைச் சொல்லிக் கை குலுக்கினார். பின்னறைச் சாவியைக் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஜும்மா தொழுகைக்குக் கிளம்பினார். சாவியெல்லாம் எதற்கு, ரொம்பத்தான் அலட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பண்டிகையின் ஐந்தாம் நாள் காலை, கனடாவில் எங்கள் ஊரான வினிபெக்கில் பனிப்புயல் அடித்தது. எங்கள் தெருவில் மின்சாரம் போய்விட்டது. மத்தியானத்துக்குள் பின்னறை ஜன்னல் முழுக்க உள்பக்கமே பனி படிந்துவிட்டது. ஜாடியில் இருப்பது பாறையாக உறைந்திருக்கும், கண்ணாடியே விரிசல் விட்டிருக்கும் என்று நினைத்தேன். உள்ளே போக முடியாது, அறை என்னுடையதில்லை. காப்பாற்று என்று கேட்கவும் முடியாது. கேட்டால் அது இன்னும் என்னுடையது என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

இருந்தும் கால் சும்மா இருக்கவில்லை. ஃபிக்ரெட்டின் கடை வாசலில் போய் நின்றேன்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. குளிர் ஜாஸ்தியா இருக்கு."

"ஆமாக்கா. ஜாஸ்திதான்."

அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து புளிக்காத அப்பத்தைக் கடித்தேன். கடவுளிடம் சண்டை போட்டேன். உன் கட்டளைக்காகத்தானே விற்றேன், இதையும் எடுத்துக்கொள்வாயா என்று கேட்டேன்.

பண்டிகை முடிந்த மறுநாள் காலை ஃபிக்ரெட் வந்து பின்னறையைத் திறந்தார். மாவு மூட்டைகள் அப்படியே இருந்தன. அலமாரியில் ஜாடி இல்லை. உடைந்துபோய்த் தூக்கிப் போட்டிருப்பார் என்றே நினைத்தேன்.

"வீட்டுல இருக்குக்கா" என்றார். "வாங்கின அன்னிக்கே எடுத்துட்டுப் போயிட்டேன். என் பொருளை ஆளில்லாத அறையில விட்டு வைப்பேனா?"

அவர் மனைவி அதைக் கம்பளித் துணியில் சுற்றி எடுத்து வந்தாள். மூடியைத் திறந்தேன். மாவு விளிம்புவரை பொங்கி, நுரைத்துக் கொண்டிருந்தது. லைபல் இருந்தபோதுதான் அது அப்படிப் பொங்கும்.

"காலையிலயும் சாயங்காலமும் தீனி போட்டோம்" என்றாள் அவள். "வீட்டுல எல்லாரும் பட்டினி. இந்த மகராசன் மட்டும் பட்டப்பகல்ல சாப்பிட்டாரு!"

"அன்னிக்கு வாசல்ல வந்து நின்னேனே" என்றேன். கோபமா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நாக்கு நுனிவரைக்கும் வந்துச்சுக்கா. நான் சொல்லிட்டா, நீங்க அதைப் பத்தி என்கிட்ட விசாரிச்ச மாதிரி ஆயிடாதா? உங்க விரதத்தை நான் எப்படிக் கெடுப்பேன்?"

இத்தனை வருடமாக அதை விற்கிறேன். ஒரு தடவையாவது விற்றதாக நான் நம்பியதுண்டா? இந்த மனிதர் நம்பியிருக்கிறார். என் சட்டத்தை என்னைவிடப் பத்திரமாக வைத்துக் காத்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாக நன்றி இருந்தது.

ஜாடியை வாங்கக் கை நீட்டினேன். அவள் கொடுக்க வந்தாள். ஃபிக்ரெட் தடுத்தார்.

"இருங்க. இன்னும் இது என்னுது."

"சரி, வில்லுங்க. என்ன விலை?"

"அதே இருபது டாலர்."

"எட்டு நாள் போட்ட மாவு? பட்ட பாடு?"

"என் பொருளுக்கு நான் தீனி போட்டதுக்கு நீங்க எதுக்குக்கா காசு குடுக்கணும்?"

இருபது டாலரைக் கொடுத்தேன். கையைக் குலுக்கினார். அந்தக் கையை நான் விடவில்லை. "ஃபிக்ரெட், என் புருஷனை எனக்கு உயிரோட வச்சிருந்து குடுத்திருக்கீங்க" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "மாவுதானேக்கா" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.